கிராப்பெல்லியை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: “‘மைனர் ஸ்விங்’ என்ற ஜாஸ் பதிவைக் கேட்டேன். எல்லோரும் அதில் கிடாரைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு வயலின்தான் மனசில் நின்றது. அதை வாசித்த ஸ்டெஃபான் கிராப்பெல்லி யார்? கிடார்காரர் ஜாங்கோ ரெய்ன்ஹார்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர் மட்டும்தானா? எந்தப் பதிவில் தொடங்கலாம்?”

முதலில் சுருக்கமான பதில். பக்கவாத்தியக்காரர் என்று சொன்னால் அது பெரிய அநியாயம். ஜாங்கோவோடு அவர் தொடர்ந்து வாசித்தது ஐந்தே வருடம். போருக்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சந்திப்புகள், அவ்வளவுதான். ஜாங்கோ 1953-ல் இறந்துவிட்டார். கிராப்பெல்லி அதற்குப் பின் 44 வருடம் வாழ்ந்தார், கடைசிவரை வாசித்தார். அவருடைய மிக நல்ல வயலின் அந்த 44 வருடத்தின் பின்பாதியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அதனால் 1930-களில் தொடங்காதீர்கள். 1973-ல் தொடங்கி, அப்புறம் பின்னால் போங்கள்.

இனி விரிவாக.

1908 ஜனவரி 26 அன்று பாரிஸில் பிறந்தவர். அப்பா எர்னெஸ்தோ இத்தாலிக்காரர், நிறையப் படித்தவர், கையில் காசு தங்காதவர். பிரெஞ்சுக்காரரான அம்மா, மகன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறு வயதில் பையனை இசடோரா டங்கனின் நடனப் பள்ளியில் அப்பா சேர்த்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் இசை அவன் காதில் விழுந்தது அங்கேதான். அந்த நல்ல காலம் அதிக நாள் நிற்கவில்லை. முதல் உலகப் போர் வந்தது. அப்பா இத்தாலியப் படைக்குப் போனார், பையன் அநாதை விடுதிக்குப் போனான். வெறும் தரையில் படுக்கை, அரை வயிற்றுச் சாப்பாடு. அந்த நாட்களை அவர் கடைசிவரை மறக்கவில்லை, பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

போர் முடிந்து அப்பா திரும்பினார். மகனுக்கு 12 வயது ஆகும்போது தன்னிடம் இருந்த சூட்டை அடகு வைத்து, முக்கால் அளவு வயலின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். வாத்தியார் வைக்க வசதியில்லை. தெருவில் வாசிப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பையன் வில் பிடிக்கப் பழகினான். 1920 முதல் 1923 வரை பாரிஸ் கான்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் இசை எழுத்தும் வாசிப்புமாகப் பாடம் படித்தான். அதற்குள் அப்பா மறுமணம் செய்துகொண்டு ஸ்ட்ராஸ்பூருக்குக் குடிபோனார். மகன் பாரிஸிலேயே தங்கிவிட்டான். 15 வயதில் தெருவிலும் வீட்டு முற்றங்களிலும் வாசித்துக் கிடைத்த சில்லறையில் சாப்பாடு. பிறகு மௌனப் படத் தியேட்டரில் வேலை கிடைத்தது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், காரணம் உண்டு. திரையில் சண்டை என்றால் சண்டைக்கு, காதல் என்றால் காதலுக்கு, சட்டென்று வாசிப்பு மாற வேண்டும். அந்த வயதில் நாளுக்கு ஆறு மணி நேரம் அப்படி வாசித்தவனுக்கு எந்தச் சூழலிலும் தடுமாறாத ஒரு கை அமைந்துவிடும். பிற்காலத்தில் அவரை யாரோடு உட்கார வைத்தாலும் பொருந்திப் போனார் என்று வியக்கிறார்கள். எனக்கு அதன் வேர் அந்தத் தியேட்டரில் தெரிகிறது.

ஜாஸ் அவருக்கு இசைத்தட்டு வழியாக வந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங், பிக்ஸ் பைடர்பெக் என்று அமெரிக்கத் தட்டுகளைத் தேய்த்தார். ஜோ வெனூட்டி என்ற இத்தாலிய அமெரிக்கர் வயலினிலேயே ஜாஸ் வாசிக்கலாம் என்று எடி லாங்கின் கிடாரோடு சேர்ந்து காட்டியிருந்தார். ஆனால் கிராப்பெல்லி அப்போது வயலினை ஓரமாக வைத்துவிட்டார்! பணக்கார விருந்துகளில் பியானோக்காரருக்குத்தான் கிராக்கி, பியானோவுக்கு மாறிவிட்டார். 1920-களின் கடைசியில் கிரகோர் என்பவரின் நடன இசைக்குழுவில் சேர்ந்ததும் பியானோக்காரராகத்தான். இவன் முன்பு வயலின் வாசித்தவன் என்று கிரகோருக்குத் தெரியவந்து, அவர்தான் வற்புறுத்தித் திரும்ப எடுக்க வைத்தார்.

இந்தப் பியானோ வருடங்கள் வீண்போகவில்லை என்பது என் எண்ணம். ஒரு ஸ்வரத்துக்கு அடியில் என்ன கூட்டு ஸ்வரம் ஓடுகிறது, அடுத்து எங்கே திரும்பப் போகிறது என்பது அவருக்கு விரலிலேயே பதிந்துவிட்டது. அவர் தனி வாசிக்கும்போது மற்ற வாத்தியங்களை நிறுத்தினாலும் பாட்டின் கூட்டு ஸ்வரங்கள் நம் காதில் கேட்கும்.

சரி, ஜாங்கோ. 1934, ஷான்ஸ் எலிஸே தெருவில் கிளாரிட்ஜ் ஓட்டல். மாலைத் தேநீர் நடனத்துக்கு லூயி வோலா என்ற பேஸ்காரரின் (ஆளுயர, கனத்த குரல் வயலின் மாதிரி வாத்தியம்) குழு வாசிக்கிறது. கிராப்பெல்லியும் ஜாங்கோவும் அதில் இருக்கிறார்கள். ஒருநாள் கிராப்பெல்லி மேடைக்குப் பின்னால் புதுத் தந்தி மாட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டே சும்மா ஒரு பாட்டை வாசித்துப் பார்க்க, ஜாங்கோ கிடாரில் சேர்ந்துகொண்டார். மறுநாளும் அதே விளையாட்டு. ஜாங்கோவின் தம்பி ஜோசஃப் இன்னொரு கிடாரோடு வந்தார், ரோஜே ஷாபு மூன்றாவது கிடாரோடு வந்தார், வோலாவின் பேஸ் சேர்ந்தது. பாரிஸ் ஜாஸ் ரசிகர்களின் ‘ஹாட் கிளப்’ இவர்களைக் கண்டுகொண்டது. டிசம்பர் 2 அன்று முதல் கச்சேரி. மாதம் முடிவதற்குள் அல்ட்ராஃபோன் கம்பெனிக்கு முதல் பதிவுகள்: ‘டைனா’, ‘டைகர் ராக்’, ‘லேடி பி குட்’, ‘ஐ சா ஸ்டார்ஸ்’.

ஒரு வயலின், மூன்று கிடார், ஒரு பேஸ். டிரம்ஸ் இல்லை, டிரம்பெட் இல்லை. அந்தக் காலத்து ஜாஸ் குழுக்களில் ஊதுகுழல்களுக்கும் முரசுக்கும் நடுவே வயலின் சத்தம் அமுங்கிப் போகும். அமெரிக்காவில் ஸ்டஃப் ஸ்மித் வயலினுக்கு ஒலிபெருக்கி மாட்டி இதைச் சமாளித்தார். பாரிஸில் இவர்கள் சத்தம் போடுகிறவர்களையே வெளியே நிறுத்திவிட்டார்கள். தாளத்தை இரண்டு கிடார்கள் ஏற்றுக்கொண்டன. இரண்டாவது, நான்காவது அடிகளில் தந்தியை அடித்த கையோடு அமுக்கி ‘சக்’ என்று நிறுத்துவார்கள். பிரெஞ்சில் இதற்கு ‘லா பொம்ப்’ என்று பெயர், பம்பு அடிப்பது மாதிரி.

இப்போது நீங்கள் கேட்ட ‘மைனர் ஸ்விங்’குக்கு வருவோம். 1937 நவம்பர் 25-ல் பதிவானது. தலைப்பில் கிடார்காரர் பெயர் பெரிதாக இருந்தாலும் இயற்றியவர்கள் என்று இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஜாங்கோவுக்கு இசை எழுத்து தெரியாது, கையெழுத்தே தட்டுத் தடுமாறித்தான். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். தொடக்கத்தில் எசப்பாட்டு மாதிரி ஒரு சின்ன ஏறுவரிசை, அதற்குப் பதில், அவ்வளவுதான். தனியாகப் பல்லவி என்று எதுவுமே கிடையாது, நேராக மனோதர்மம். முதலில் ஜாங்கோ பல சுற்று வாசிக்கிறார், ஒவ்வொன்றும் 16 தாளக் கட்டம். பாதிக்கு மேல் போனதும் வயலின் நுழைகிறது. அந்த நுழைவைக் கவனியுங்கள். ஜாங்கோ விட்ட சூட்டோடு போட்டி போடாமல் அதன் மேலே ஏறிச் சவாரி செய்கிறார். அடியில் தம்பட்டம் போலத் தாளம், அதன்மேல் வில் வழுக்கிக்கொண்டு போகிறது. முடியும்போது ஒருவர் உற்சாகத்தில் “ஓ யா!” என்கிறார்.

மொத்தம் மூன்று நிமிடம் சொச்சம். அன்றைய தட்டின் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் இடம். அதில் பாதிக்கு மேல் ஜாங்கோவுக்குப் போய்விடும். 1930-களின் தட்டுகளில் கிராப்பெல்லி குறைவாகத் தெரிவதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். அவர் மூச்சு எடுத்துக் கட்டத் தொடங்குவதற்குள் தட்டு முடிந்துவிடும். தட்டின் மேல் அச்சடித்ததும் ஜாங்கோ பெயர், குழுவின் பெயர், கடைசியில் “ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன்” என்றுதான். பக்கவாத்தியம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் குழுவை நடத்தியதில் பாதிப் பாரம் இவர் தலையில். ஜாங்கோ சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், சில நாள் வரவே மாட்டார். பில்லியர்ட்ஸோ சூதாட்டமோ கூப்பிட்டால் அந்தப் பக்கம் போய்விடுவார். தேடிப்பிடித்துக் கூட்டிவருவது கிராப்பெல்லியின் வேலை. மேடையில் அந்த எரிச்சலின் நிழல்கூட விழாமல் வாசித்தார்.

அதே 1937 நவம்பரில் இன்னொரு பதிவு நடந்தது. இதைக் கட்டாயம் கேளுங்கள். எடி சௌத் என்ற கறுப்பின அமெரிக்க வயலின் கலைஞர் அப்போது பாரிஸில் இருந்தார். முறையாகப் பயின்ற அற்புதமான கை. சிகாகோவில் வளர்ந்த அவருக்கு அன்றைய அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களின் கதவு நிறத்தால் மூடிக் கிடந்தது. அவரும் கிராப்பெல்லியும், ஜெர்மானிய இசைமேதை பாக் இரண்டு வயலினுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய கான்செர்ட்டோவின் முதல் பகுதியை வாசிக்க, முழு ஆர்க்கெஸ்ட்ராவின் இடத்தில் ஜாங்கோவின் ஒற்றைக் கிடார். எழுதியதை ஒருமுறை ஸ்விங் என்ற துள்ளலான ஜாஸ் நடையில் வாசித்தார்கள். அப்புறம் அதே கருவை வைத்துத் தங்கள் மனோதர்மப்படி ஒருமுறை. சௌத்தின் நாதம் கனத்தது, கிராப்பெல்லியுடையது காற்று மாதிரி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யார் யார் என்று சொல்லாமலே தெரிந்துவிடும்.

1939 செப்டம்பரில் குழு லண்டனில் இருக்கும்போது போர் மூண்டது. ஜாங்கோ உடனே பாரிஸுக்குத் திரும்பினார். கிராப்பெல்லி உடம்பு சரியில்லாமல் அங்கேயே தங்கினார். குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனில் பிக்கடிலியின் ஹாட்செட்ஸ் உணவகத்தில் வாசித்தார். கண் தெரியாத ஓர் இளம் பியானோக்காரரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். ஜார்ஜ் ஷியரிங் என்று பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர் அவர்தான்.

ஆறு வருடம் கழித்து, 1946 தொடக்கத்தில், லண்டனில் கிராப்பெல்லியும் ஜாங்கோவும் மறுபடி சந்தித்தார்கள். பேசுவதற்கு முன்பே வாத்தியத்தை எடுத்து பிரான்சின் தேசிய கீதத்தை வாசித்தார்கள். சில நாளில் அதையே ஸ்விங் நடையில் ‘எக்கோஸ் ஆஃப் பிரான்ஸ்’ என்று தட்டாகவும் பதிந்தார்கள். தேசிய கீதத்தோடு விளையாடலாமா என்று பிரான்சில் சிலருக்குக் கோபம். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். ஆறு வருடப் பிரிவும் பயமும் கடந்து உயிரோடு பார்த்துக்கொண்ட இரண்டு பேரின் சந்தோஷம் அதில் இருக்கிறது. 1949-ல் ரோமில் உள்ளூர் இத்தாலியக் கலைஞர்களோடு சேர்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிந்தார்கள். ஜாங்கோவோடு பியானோவும் டிரம்ஸும் பின்னணியில் இருக்க, வயலினுக்கு நிறைய இடம் கிடைத்த பதிவுகள் இவை. பழைய குழுவின் மணம் இதில் இல்லை என்பவர்கள் உண்டு. எனக்கு இவை பிடிக்கும்.

1953-ல் ஜாங்கோ 43 வயதில் போனார். அடுத்த இருபது வருடம் கிராப்பெல்லிக்கு மந்தம்தான். 1967 முதல் ஐந்து வருடம் பாரிஸ் ஹில்டனில், சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில் வாசித்தார். ஆனாலும் நடுநடுவே சில ரத்தினங்கள். 1963-ல் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் பாரிஸில் இவரையும் டென்மார்க்கின் ஸ்வென் அஸ்முசெனையும் தன் குழுவின் ரே நான்ஸையும் கூட்டி ஒரு வயலின் தொகுப்பு பதிந்தார். அது வெளியே வர 13 வருடம் ஆனது. 1966-ல் பாசல் நகரில் ‘வயலின் சம்மிட்’ என்று ஒரே மேடையில் நான்கு பேர்: கிராப்பெல்லி, ஸ்டஃப் ஸ்மித், அஸ்முசென், அப்போது 24 வயதேயான ழான்-லுக் போன்ட்டி. ஸ்டஃப் ஸ்மித் வில்லால் வெட்டுவார், கரகரப்பான குரல் மாதிரி நாதம். அவர் பக்கத்தில் கிராப்பெல்லியைக் கேட்டால்தான் இந்த மனிதரின் லேசான கை எவ்வளவு துணிச்சலானது என்று புரியும். இரைச்சலுக்கு இரைச்சலால் பதில் சொல்லவே மாட்டார்.

அந்த லேசைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லின் நுனிப் பக்கத்தை அதிகம் பயன்படுத்துவார், அழுத்தம் மிகக் குறைவு. ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது விரலைத் தந்தியில் பட்டும் படாமலும் வைத்து, புல்லாங்குழல் மாதிரி ஒரு மெல்லிய மேல்ஸ்தாயி ஸ்வரத்தில் விட்டுவிடுவார். ஸ்வரத்தைக் கீழிருந்து லேசாக வழுக்கித் தொடுவார். நம் கமகத்துக்குப் பழகிய காதுக்கு அது சிறிய அசைவுதான், ஆனால் இடம் தவறாத அசைவு. வேகமான பாட்டில்கூட அவருக்கு அவசரம் இருக்காது. அநாதை விடுதியில் தரையில் படுத்த பிள்ளையின் வயலினில் அழுகையே கிடையாது என்பது என்னை இன்றுவரை ஆச்சரியப்படுத்துகிறது.

1971-ல் பிபிசியின் மைக்கேல் பார்க்கின்சன் நிகழ்ச்சி அவரையும் யெஹுதி மெனுஹினையும் ஒன்றாக உட்கார வைத்தது. மேற்கத்திய செவ்வியல் வயலினில் மெனுஹின் சிகரம். ஆனால் மனோதர்மமாக வாசிக்க வராது, அவர் பகுதியை எழுதிக்கொடுத்தார்கள். கிராப்பெல்லி எதிரே நின்று நினைத்தபடி வாசிப்பார். அந்த இருவரின் தொகுப்புகள் ‘ஜெலசி’யில் தொடங்கி வரிசையாக வந்து நன்றாக விற்றன. மெனுஹினின் ஆர்வம் உண்மையானது, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாளத்தில் அவர் கையின் இறுக்கம் விடவில்லை. தொடங்குகிறவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

தொடங்க வேண்டியது 1973. டிஸ் டிஸ்லி என்ற கிடார்காரர், “பியானோவையும் டிரம்ஸையும் விட்டுவிட்டுப் பழையபடி கிடார்களோடு வாசியுங்கள்” என்று இவரை இங்கிலாந்துக்கு இழுத்தார். கேம்பிரிட்ஜ் நாட்டார் இசை விழாவில், நீளமுடி வளர்த்த இளைஞர்கள் நிறைந்த மைதானத்தில், 65 வயதுக் கிராப்பெல்லி வாசித்தார். கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. அதே வருடம் லண்டன் குயின் எலிசபெத் அரங்கில் பதிவான ‘ஐ காட் ரிதம்’ தொகுப்பைத்தான் உங்களுக்கு முதலில் சொல்வேன். கிடார்களின் அதே பழைய நடை, ஆனால் மூன்று நிமிடக் கயிறு கழுத்தில் இல்லை. வயலின் நடுநாயகம். முன்பு ஜாங்கோ எடுத்துக்கொண்ட இடத்தில் இவர் சுற்றுக்கு மேல் சுற்றாக ஏறுவதைக் கேட்கலாம்.

அதன் பிறகு உங்கள் ருசிப்படி போகலாம். 1979-ல் கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவில் ஜோ பாஸின் கிடாரோடும் நீல்ஸ்-ஹென்னிங்கின் பேஸோடும் வாசித்தது அமைதிக்கு. ஸ்காட்லாந்தில் குடியேறிய கிடார்காரர் மார்ட்டின் டெய்லர் பத்து வருடத்துக்கு மேல் இவரோடு ஊர் ஊராகச் சுற்றியவர். அவர்கள் இருவர் மட்டும் வாசித்த ‘ரீயூனியன்’ 1993-ல் வந்தது. இரவில் தனியாகக் கேட்க அதற்கு இணை எனக்குத் தெரியவில்லை. பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ பாட்டில் 1975-ல் வாசித்தார் என்று கேள்விப்பட்டுத் தேடாதீர்கள், அன்று வெளியான தட்டில் அவர் வாசிப்பு காதில் விழாது. வயலினோடு கூடிய வடிவம் 2011-ல்தான் வெளியே வந்தது.

நம் பக்கத்துக் கண்ணியும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த, வி. லக்ஷ்மிநாராயணாவின் மகன் எல். சுப்ரமணியமும் கிராப்பெல்லியும் சேர்ந்து செய்த ‘கான்வர்சேஷன்ஸ்’ 1984-ல் வந்தது. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது நல்ல வாசல். ஒரே வாத்தியத்தில் இரண்டு மொழி. ஒருவர் ஸ்வரத்துக்குள்ளேயே தங்கி அதை அசைத்துப் பார்க்கிறார். மற்றவர் அதைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்.

பழைய பதிவுகளைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஆங்கிலேயர்கள் தன் பெயரின் முடிவை ‘லை’ என்று உச்சரிக்கிறார்களே என்று பல வருடம் கடைசி எழுத்தை ‘ஐ’க்குப் பதில் ‘ஒய்’ என்று மாற்றி எழுதிவந்தார். 1930-களின் தட்டுகள் அந்த எழுத்தில்தான் இருக்கும். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

இன்னொரு சங்கதி. மிஷெல் வார்லோப் என்ற பிரெஞ்சு வயலின் கலைஞர் இளம் கிராப்பெல்லிக்குத் தன் வயலின் ஒன்றைக் கொடுத்திருந்தார். வார்லோப் 1947-ல், 36 வயதில், இறந்துபோனார். கிராப்பெல்லி அந்த வயலினை ழான்-லுக் போன்ட்டிக்குக் கொடுத்தார். அது பிறகு திதியே லாக்வுட் என்ற இன்னொரு பிரெஞ்சு வயலின்காரர் கைக்குப் போனது. மூன்று பேருமே ஒருவர் மாதிரி ஒருவர் வாசித்ததில்லை.

கிராப்பெல்லி 1997 டிசம்பர் 1 அன்று, 89 வயதில், பாரிஸில் காலமானார். அதற்கு இரண்டு வருடம் முன்பு பதிந்தது ‘ஃபிளமிங்கோ’. பியானோவில் 32 வயது மிஷெல் பெத்ருச்சியானி, டிரம்ஸில் ராய் ஹேய்ன்ஸ், பேஸில் ஜார்ஜ் ம்ராஸ். அதில் ‘ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்’ இருக்கிறது. இதே பாட்டை 1938 ஜனவரி 31 அன்று ஜாங்கோ குழுவோடு லண்டனில் பதிந்திருக்கிறார், 30 வயது நிறைந்து ஐந்தாம் நாள். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேளுங்கள். முதலாவதில் ஓடிப்பிடிக்கிற துடிப்பு. இரண்டாவதில் 87 வயதுக் கை, நாதம் சில இடத்தில் கொஞ்சம் மெலிந்திருக்கும், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி வைத்துவிட்டு, அடுத்ததற்கு ஆற அமர வருகிறார். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் திரும்பப் போடுவேன்.